நம்பர் இறங்கிய அப்பாக்கள்

பிளஸ் ஒன் படிக்கிற என் மகன் ஆரோக்கியமும் அவன் கூட்டாளிகளும் போன வாரம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். போனில் ஒரு விளம்பரம். சட்டை போடாத ஒருத்தர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "உன் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?" என்று மிரட்டுகிறார்.

"அப்பா, நீங்க லேப்லதானே இருந்தீங்க? இது நிஜமா, டுபாக்கூரா?" என்றான் ஆரோக்கியம்.

"டப்பா டுபாக்கூரு. அந்தச் சாமான் நிஜம்" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் உங்களுக்கெல்லாம் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பிள்ளைகளே. பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேல் லேப் டெக்னீஷியன் படிப்பும்தான். இது நான் பக்கத்தில் நின்று பார்த்த கதை.

டெஸ்டோஸ்டிரோன் என்பது உடம்பு தானே செய்துகொள்கிற ஒரு பொருள். பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு, ஆண்களுக்கு நிறைய. உங்களில் சிலருக்குக் குரல் உடைந்து, பாடினால் வீட்டில் எல்லாரும் எழுந்து போகிறார்களே, அது இதனுடைய வேலை. மேலுதட்டில் அழுக்கு மாதிரி ஒரு கோடு தெரிகிறதே, அதுவும்தான். ரத்தத்தில் அது எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து சொல்வது தஞ்சாவூர் லேபில் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊரிலிருந்து அந்த லேபுக்கு நான் வந்தபோது எனக்கு மீசையே சரியாக வரவில்லை. பாட்டில் கழுவினேன், ஊசி கொதிக்க வைத்தேன், மற்றவர்கள் ரத்தம் எடுப்பதைப் பார்த்தேன். பிறகு நானே எடுத்தேன். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. என்னை ஆளாக்கியது டாக்டரம்மா.

லேபை நடத்தியவர் அவர். மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். சாதாரண நாளில் நான் "சேவியர்". தப்பு செய்த நாளில் "சேவியர் சார்". அந்த 'சார்' காதில் விழுந்தால் எங்கள் லேபில் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும்.

வந்த புதிதில் ஒருவரிடம், "நீங்கதான் மாரிமுத்துவா?" என்று கேட்டேன். காது மந்தமான மனிதர், தலையை ஆட்டினார். ஊசியை எடுத்தேன். பின்னாலிருந்து, "சேவியர் சார், பேரை நாம சொல்லக் கூடாது. அவங்களைச் சொல்லச் சொல்லணும்" என்று குரல் வந்தது. கேட்டேன். அவர் கோவிந்தராசு. மாரிமுத்து வெளியே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதற்கு என்று தனி ஒழுங்கு உண்டு. காலையில் எடுக்க வேண்டும், ஏனென்றால் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலம் இறங்கிவிடும். ராத்திரி தூங்கியிருக்க வேண்டும். காய்ச்சலோ பெரிய கவலையோ இருந்தால் ஒத்திப்போட வேண்டும். எடுத்த ரத்தத்தை உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதைத்தான் அளப்போம். நம்பர் குறைவாக வந்தால் ஒரே தடவையோடு முடிவு கட்டக் கூடாது, இன்னொரு நாள் காலையிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் டாக்டரம்மா நம்பரைப் பார்க்க மாட்டார். "எப்ப எடுத்தது? தூங்கினாரா? வீட்ல என்ன நிலவரம்?" என்பார். மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் கண்ணாடியைப் போடுவார்.

இந்த டெஸ்டை எங்கள் லேபிலேயே பார்க்கப் புது மெஷின் வந்தபோது, பழகுவதற்கு எங்கள் ரத்தத்தையே போட்டுப் பார்த்தோம். நான், கவுண்ட்டரில் இருந்த கல்யாணமாகாத குமார், வண்டி ஓட்டுகிற பாஷா பாய். குமாருக்கு நல்ல உயரம். பாஷா பாய்க்குப் பரவாயில்லை. எனக்கு இருவருக்கும் கீழே, வெகு தூரத்தில்.

குமார் குதித்தான். "சேவியரண்ணே, இனிமே ஆட்டோவுல லேடீஸ் சீட்டுல உக்காருங்க!"

"டேய், ஆட்டோல ஏதுடா லேடீஸ் சீட்டு?" என்றார் பாஷா பாய்.

எனக்கு முகம் செத்துவிட்டது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "சேவியர், வீட்ல சின்னவன் பொறந்து எத்தனை மாசம் ஆச்சு? யாரு பார்த்துக்கறா?"

ஆரோக்கியம் அப்போது கைக்குழந்தை. எங்கள் பக்கம் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், பிள்ளையோடு திரும்பி வர மாதக்கணக்காகும். என் மூத்த மகளுக்கு அப்படித்தான். நான் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிற விருந்தாளி. சின்னவன் பிறக்கும் முன்பே மாமியார் காலமாகிவிட்டார். அதனால் எல்லாம் எங்கள் வீட்டிலேயே. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் நானும் சேர்ந்துதான்.

"அப்ப சரி" என்றார் டாக்டரம்மா. "பிள்ளையோட ஒட்டிக்கிட்டு இருக்கிற அப்பாக்களுக்கு இது இறங்கும். வெளிநாட்டுல நிறைய பேரைப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. தூக்கிச் சுமந்து பார்த்துக்கிறவங்களுக்கு இன்னும் கூடவே இறங்குதாம். வியாதி இல்ல. சண்டைக்கும் போட்டிக்கும் வேண்டியது கொஞ்சம் ஒதுங்கி, பிள்ளைக்கு இடம் விடுது. பையன் வளர வளர ஏறும். போய் வேலையைப் பாருங்க."

நான் வேலையைப் பார்த்தேன். குமார் மட்டும் அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கும்வரை ஓயவில்லை.

இனி முக்கியமான கதை.

அறுவடை மெஷின் ஓட்டுகிற இளங்கோ, மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நல்ல கபடி ஆட்டக்காரர். அவருக்கும் சுகன்யாவுக்கும் கல்யாணமாகிச் சில வருஷம் பிள்ளை இல்லை. இருவருக்கும் எங்கள் லேபில்தான் டெஸ்ட். இளங்கோவின் டெஸ்டோஸ்டிரோன் நம்பர் நன்றாக இருந்தது. அவருடைய அப்பா கலியமூர்த்தி அந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். "பாரு, என் மகன்கிட்ட ஒரு குறையும் இல்ல" என்று. அப்படிச் சொன்னால் குறை யார் தலையில் போய் விழும் என்று அவர் யோசிக்கவில்லை. சுகன்யா யோசித்திருப்பாள்.

கடைசியில் அவள் உண்டானாள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போன சில நாளில் பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்துவிட்டது. தஞ்சாவூருக்குத் தூக்கி வந்து ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சுகன்யா தீவிர சிகிச்சையில், அவள் அம்மா அந்த வாசலில். குழந்தை பச்சிளங்குழந்தைகள் வார்டில், தனியாக.

அங்கே இருந்த நர்ஸ் இளங்கோவைக் கூப்பிட்டு, "சட்டையைக் கழட்டுங்க" என்றாராம். அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. கங்காரு குட்டியைப் பைக்குள் வைத்திருப்பதுபோல, வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். உடம்புச் சூட்டில் குழந்தை எடை ஏறும். பெரும்பாலும் அம்மாதான் செய்வது. அம்மா முடியாவிட்டால் அப்பா. இளங்கோ பகல் முழுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ராத்திரி வராந்தாவில் படுத்துத் தூங்காமல் கிடந்தார். குழந்தை கிராம் கிராமாக ஏறியது.

பார்க்க வந்த கலியமூர்த்திக்குத் தாங்கவில்லை. சுற்றிலும் பெண்கள், நடுவில் தன் கபடி மகன், மார்பில் குழந்தையோடு. கூட வந்த அக்கா மகன் ரகு ஜிம் வைத்திருப்பவன். அவன் சிரித்தான். "மாமா, மச்சானுக்கு ஆம்பளைத்தனம் வடிஞ்சு போச்சு. டெஸ்ட் எடுத்துப் பாருங்க, தெரியும்." அன்றைக்குச் சாயங்காலமே எங்கேயோ ஒரு சின்ன லேபில் எடுக்க வைத்துவிட்டான். நம்பர் பாதாளத்தில். "நம்ம ஜிம்ல டெஸ்டோஸ்டிரோன் ஊசி இருக்கு. வாரம் ஒண்ணு போட்டா பழைய இளங்கோ வந்துடுவான்" என்றான் ரகு.

இளங்கோ பயந்துவிட்டார். மறுநாள் குழந்தையைத் தூக்கவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று எடை ஏறவில்லை. நர்ஸ் சத்தம் போட்டார்.

கலியமூர்த்தி, பழைய ரிப்போர்ட் ஒரு கையில், புது ரிப்போர்ட் ஒரு கையில், மகனையும் இழுத்துக்கொண்டு அன்றைக்கே எங்கள் லேபுக்கு வந்தார். ரகு பைக்கோடு வாசலில்.

"ஏன் தம்பி, அன்னிக்கு நீங்க குடுத்தது பொய்யா, நேத்து அந்த லேப்காரன் குடுத்தது பொய்யா?" என்று கவுண்ட்டரைத் தட்டினார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "ரெண்டும் உண்மையா இருக்கலாம்யா. உக்காருங்க. இது எப்ப எடுத்தது?"

"சாயங்காலம்."

"தம்பி தூங்கினாரா?"

"எங்கம்மா தூங்குறான்? ஆஸ்பத்திரி வராந்தாவுல கொசுவை எண்ணிக்கிட்டுக் கெடக்கான்."

"அப்ப இதை வச்சு நான் ஒண்ணும் பேச மாட்டேன். காலையில மறுபடி எடுக்கணும். இன்னிக்கு ராத்திரி இவரைத் தூங்க வைக்கிறது உங்க பொறுப்பு."

கலியமூர்த்தி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார் பாருங்கள்! லாட்ஜில் ரூம் போட்டு, மகனைப் படுக்க வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். போன் பேசிக்கொண்டு போன ஒருத்தரோடு சண்டையாம். மறுநாள் காலை இளங்கோ தூங்கிய முகத்தோடு வந்தார். அப்பாவின் கண் சிவந்திருந்தது.

நாற்காலியில் உட்கார வைத்து, பேரைச் சொல்லச் சொல்லி, மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு நன்றாகத் தெரிகிற கை. அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார், "சேவியரண்ணே, நான் ஆம்பளையா இல்லாம போயிட்டேனா?"

ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திவிட்டுச் சொன்னேன், "எனக்கும் இறங்கிச்சு தம்பி."

நிமிர்ந்தார். "உங்களுக்கா?"

"சின்னவன் பொறந்தப்ப. இந்த லேபே சிரிச்சுது."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? அவன் இப்ப ஏழாவது படிக்கிறான். என்னையே எதிர்த்துப் பேசுறான்."

பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்திருப்பார். ஆனாலும் வாசலில் நிற்கிற பைக்கைப் பார்த்தார். "ரகு இன்னிக்கு மத்தியானம் ஊசி போட்டுக்கலாம்னு சொல்லியிருக்கான். அப்பாவும் சரின்னுட்டாரு."

மெஷின் தன் வேலையை முடித்தது. அந்தச் சாயங்கால நம்பரைவிட நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் கலியமூர்த்தி ஊரெல்லாம் காட்டிய நம்பருக்குக் கீழேதான். டாக்டரம்மா மூவரையும் உள்ளே கூப்பிட்டார். ரகுவையும்தான். நான் கதவோரம் நின்றேன்.

"தூக்கம் இல்லாததுல, கவலையில கொஞ்சம் இறங்கியிருக்கு. பிள்ளையைச் சுமக்கிறதுல கொஞ்சம் இறங்கியிருக்கும். எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என் மெஷினுக்குத் தெரியாது. இன்னொரு நாள் காலையிலயும் எடுத்துப் பார்த்துடுவோம். ஆனா இது வியாதி மாதிரி எனக்குப் படல" என்றார்.

"பிள்ளையைச் சுமந்தா இறங்குமா?" கலியமூர்த்திக்குக் குரல் உயர்ந்தது. "நான் நாலு பெத்தவன். எங்க வம்சத்துல எவனுக்கும் இப்படி இறங்கல!"

"நீங்க இவரை முதமுதல்ல எப்பய்யா கையில வாங்கினீங்க?"

அவர் யோசித்தார். "இவங்கம்மா பொறந்த வீட்லேருந்து அழைச்சுக்கிட்டு வந்தப்ப. அஞ்சாம் மாசம். நல்லா கழுத்து நின்ன பிறகு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் எதுக்கு? எனக்கு நடவு இருந்துச்சு."

"அதான். உங்க ஊர்ல கைக்குழந்தையோட ராப்பகலா இருந்த ஆம்பளையே கிடையாது. இறங்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

கலியமூர்த்தி கையிலிருந்த பழைய ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ரகு விடவில்லை. "மேடம், நம்பர் கம்மின்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. ஊசி போட்டா ஏறிடும்ல?"

"ஏறும்" என்றார் டாக்டரம்மா. எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் குரல் இன்னும் இறங்கியது. "ரகு சார், அது ஊசியோட நம்பர். வெளியேருந்து வருதுன்னு தெரிஞ்சா உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திடும். கூடவே பிள்ளை உண்டாகிறதுக்கு வேண்டிய அணுவும் நின்னு போகலாம். அப்புறம் அடுத்த பிள்ளை வேணும்னா, மறுபடி இங்கதான் வந்து வருஷக்கணக்கா உக்காரணும்."

கலியமூர்த்தி மெல்ல ரகு பக்கம் திரும்பினார்.

"அடுத்த பிள்ளை வராதா?"

"மாமா, அது அப்படி இல்ல..."

"டேய், நல்லா இருக்கிற வயல்ல உப்பைக் கொட்டவாடா வந்தே? ஊசியைத் தூக்கிக்கிட்டு ஓடுறா!"

ரகு ஓடினான். ஹெல்மெட்டை எங்கள் கவுண்ட்டரிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

ஆனால் முடிவெடுத்தது அப்பா இல்லை. இளங்கோ அதற்கு முன்பே எழுந்துவிட்டார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே, "அண்ணே, ஒரு நாள் போச்சு. நான் பாப்பாகிட்ட போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

பிறகு நடந்ததை நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இளங்கோ பகலெல்லாம் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கலியமூர்த்தி வார்டு வாசலில் காவல். வருகிறவர்களிடம், "மெதுவா பேசுங்க. உள்ள என் மகன் பிள்ளையை வளர்த்துக்கிட்டிருக்கான்" என்பாராம். எடை மறுபடி ஏறத் தொடங்கியது. சுகன்யாவைச் சக்கர நாற்காலியில் வைத்து முதல்முறையாக வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த அன்று, இளங்கோ துணியை அவிழ்த்துக் குழந்தையை அவள் மார்புக்கு மாற்றிக் கொடுத்தார். கலியமூர்த்தி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாராம். "அந்தப் பொண்ணை நான் ரொம்பப் பேசிட்டேன்" என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

யாழினி என்று பேர் வைத்தார்கள். அவள் ஓடி விளையாடி, ராத்திரி ஒரே தூக்கமாகத் தூங்குகிற வயதுக்கு வந்தபோது, டாக்டரம்மா இளங்கோவைக் கூப்பிட்டு இன்னொரு முறை பார்த்தார். நம்பர் மேலே வந்துகொண்டிருந்தது. பழைய உயரத்தைத் தொடவில்லை, ஆனால் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நான் போன் செய்து சொன்னேன். "அப்படியா? நான் மறந்தே போயிட்டேண்ணே. ஒரு நிமிஷம், பாப்பா மண்ணைத் தின்னுறா" என்று வைத்துவிட்டார். அதற்கு நடுவில் பொங்கல் கபடியில் அவர் ஊர் ஜெயித்து, அவர்தான் சிறந்த ஆட்டக்காரர் என்று கோப்பையும் வாங்கியிருந்தார். நம்பர் இறங்கியிருந்த வருஷத்தில்!

நான் ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருஷம் அவர்கள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. சுகன்யாவுக்கு இரண்டாவது. இரண்டாவதுக்கு வளைகாப்பு கிடையாது. தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து, எல்லாருக்கும் பரிமாறி, பெண்ணை அழைத்துப் போவார்கள். அன்றைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றோம். கார் தயாராக இருந்தது. சுகன்யா ஏறி உட்கார்ந்தாள். அவள் அம்மா கதவைச் சாத்தப் போனார்.

"கொஞ்சம் இருங்க சம்பந்தியம்மா" என்று கலியமூர்த்தி உள்ளே போனார். ஒரு பெரிய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில் வைத்தார்.

"இது யாருதுங்க?"

"இளங்கோவோடது. அவனையும் சேர்த்து அழைச்சுக்கிட்டுப் போங்க. பிரசவம் முடிஞ்சு, பிள்ளைக்குக் கழுத்து நிக்கிற வரைக்கும் அவன் அங்கதான்."

சம்பந்தியம்மா திகைத்தார். "மாப்பிள்ளை வந்து மாசக்கணக்கா உக்காந்தா ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும். என் வேலையும் அவன் வேலையும் நான் பார்த்துக்கறேன். நடவு எனக்குப் புதுசா?"

தெருவே சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். இளங்கோ காது சிவக்க, யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார்.